ஆட்டுக் காதுக்குள் ஓர் உத்தரவு

அரசாங்கத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், 'லேப்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்பவர்கள் ரத்தம், மருந்து, வெள்ளைக் கோட்டு என்று மரியாதையாக ஏதோ நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் என் வேலை, ஆடு மாடுகளின் சாணியைக் கரைத்து வடிகட்டி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, அதில் என்ன நெளிகிறது என்று பார்ப்பது. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் என் அப்பா இதைப் பெருமையாக விளக்கினார். அந்த இடம் அமையவில்லை.

இப்படிக் குனிந்தபடியே கழிந்த வாழ்க்கையில் பெரிய மனிதர்கள் யாரையும் நான் சந்தித்ததில்லை. ஒரு புழுவைத்தான் சந்தித்தேன். மயிரிழைத் தடிமன்தான் இருக்கும். ஆனால் எங்கள் குடும்பத்தில் அது படுத்திய பாட்டைப் பெரிய மனிதர் யாரும் படுத்தியிருக்க முடியாது.

எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டின் ஈரமான புல்லில் சின்னச் சின்ன நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். புழு முதலில் அந்த நத்தைக்குள் வளர்கிறது. ஆடு புல்லோடு நத்தையையும் சேர்த்துத் தின்றதும் இது தொண்டை வழியாக மேலேறி, காதுக்குப் பின்னால் இருக்கும் பொந்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு சோறு, வீடு, வாகனம் மூன்றுக்கும் ஆடே பொறுப்பு. முட்டையிடும் காலம் வந்தால்தான் அதற்குச் சிக்கல். முட்டை வெளியே போய் மறுபடி ஈரப் புல்லில் விழ வேண்டும், அதுவும் நத்தைகள் வெளியே வரும் மழை நேரமாகப் பார்த்து. ஆகவே ஆட்டின் தலையில் குளிர்ந்த நீர் பட்டால் போதும், புழு உள்ளே முறுக்கிக்கொள்ளும். ஆடு தாங்க முடியாமல் தலையையும் உடம்பையும் உதறும். மூக்குச் சளியோடு முட்டைகள் சிதறி விழும். படிக்காத புழுவுக்கு இத்தனை திட்டம்.

எங்கள் லேபில் இதை முதலில் கண்டுபிடித்தவர் சின்ன வயது மலாய் டாக்டரம்மா. செத்துப்போன ஓர் ஆட்டின் தலையை அறுத்துப் பார்த்தபோது அகப்பட்டது. அவர் அதற்கு மலாயில் 'சாச்சிங் கெலெங்' என்று பெயர் வைத்தார், தலையை ஆட்டவைக்கும் புழு என்று பொருள். நான் தலையாட்டிப் புழு என்பேன். தண்ணீர் பட்டதும் ஆடு உதறுவதை அவர் வியந்து வியந்து குறித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது புதிதில்லை. ஏனென்றால் எங்கள் ஆட்களிடம் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. உத்தரவு.

முனியாண்டிக்கு நேர்ந்த ஆட்டை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. மாலை போட்டு, சாமிக்கு முன்னால் நிறுத்தி, வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆடு உடம்பை உதறினால், அதாவது துலுக்கினால், சாமி ஏற்றுக்கொண்டார். அப்புறம்தான் கத்தி. மூன்று தரம் தெளித்தும் துலுக்கவில்லை என்றால் சாமிக்கு அந்த ஆடு வேண்டாம், வேண்டுதல் அப்படியே நிற்கிறது, வீட்டுக்குப் போகலாம்.

நான் இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மலாயில் என்னைப் பெரியவரே என்றுதான் கூப்பிடுவார். "பாக்சிக், எங்களுக்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். உங்கள் சாமிக்கு மட்டும் அது எப்படிச் சரி என்று ஆனது?"

"நாங்கள் சரி என்று சொல்லும்போதே அப்படித்தான் ஆட்டுவோம் டாக்டர்," என்றேன்.

இந்தப் புழு பெருவாரியாகக் குடியிருந்த இடம், மலாக்காவில் செர்காம் பக்கம். அங்கே ஓர் ஆட்டுக்காரர், கடற்கரைக்குப் போகும் வழியில், தண்ணீர் தேங்கும் செம்பனைக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆடுகளுக்கு மலாக்கா முழுக்கப் பெயர். "செர்காம் ஆடு ஒரு தெளிக்கே துலுக்கிடும்லா" என்று சொல்வார்கள். செங் என்ற ஊரிலிருந்து வேனில் வருவார்கள். ஜொகூர்க்காரர்கள்கூட முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். ஆட்டுக்காரர் அதைத் தன் பக்தியின் பலன் என்று நம்பினார். தினமும் கொட்டகைக்குச் சாம்பிராணி போட்டார்.

டாக்டரம்மாவும் நானும் இலவச மருந்தோடு ஒருநாள் அங்கே போனோம். இரண்டு மூன்று வருஷம் இந்தப் புழுவைச் சுமந்த ஆடு நிற்க முடியாமல் சுற்றிச் சுற்றி விழும், பாவம், ஒரு வாய் மருந்தில் சரியாகிவிடும் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, என் ஆடு எது ரெண்டு வருஷம் இருந்திருக்கு? அதுக்குள்ள முனி கூப்டுக்குறாரு. நீங்க மருந்த ஊத்தி, நாளைக்கு அது துலுக்காமப் போச்சுன்னா யாரு வந்து வாங்குவா? ஒங்க டாக்டரம்மா வந்து துலுக்குவாங்களா?"

என்ன சொல்கிறார் என்று டாக்டரம்மா கேட்டார். யோசித்துச் சொல்கிறாராம் என்று மொழிபெயர்த்தேன்.

ஊரில் நாலு பேரிடம் புழுவைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும், அந்தப் புழுவையே முனிதான் உள்ளே அனுப்பியிருக்கிறார் என்று எனக்குப் பாடம் எடுத்தார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகுதான் மாமா விவகாரம் வந்தது. மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். காலமெல்லாம் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். பெரிய உடம்பு, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். லாரி சீட்டுக்கு அடியில் சுருண்டிருந்த நாகத்தை வெறுங்கையால் எடுத்து வீசினேன் என்பார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த நாகம் கொஞ்சம் நீளும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மாமா என்றால் ஒரு தைரியம். அவர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் திருடன்கூட அனுமதி கேட்டுத்தான் நுழைவான் என்று என் மனைவி சொல்வாள்.

அந்த மாமா ஒரு சாயங்காலம் கிளேபாங் கடற்கரையில், சாலையோரக் கடையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பக்கத்தில் இருந்த அக்கா, கையில் பாதி இளநீரோடு, அங்கேயே முனியாண்டிக்கு ஓர் ஆட்டை வேண்டிக்கொண்டாள். மாமா பிழைத்தார். நெஞ்சுக் குழாய்களில் அடைப்பு, கட்டாயம் ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் அடுத்த முறை இப்படி எழுந்து உட்கார மாட்டார் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகச் சொன்னார். தேதியும் கொடுத்தார்.

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். "ஆபரேஷன்லாம் எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா வேண்டுதல முடிக்காம ஒடம்புல கத்தி வைக்கக் கூடாதுலா. முனி கோவிச்சுக்குவாரு. மொதல்ல அவரு உத்தரவு குடுக்கட்டும்."

நாங்கள் ஆடு தேடக் கிளம்பினோம். வேண்டிக்கொண்டதே அக்காதான்.

முதல் ஆடு துலுக்கவில்லை. அடுத்து ஓர் ஆடு பார்த்து வாங்கினோம், அதுவும் துலுக்கவில்லை. மூன்று தரம் தெளித்தும் மாலையை மென்றுகொண்டு நின்றது. ஒவ்வொரு தடவையும் மாமா கையெடுத்துக் கும்பிட்டு, "அவரு மனசு எறங்கல" என்று பெருமூச்சு விடுவார். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரித் தேதி தள்ளிப்போகும். அவர் வாசல் கேட்டிலிருந்து காருக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்கிற்று. அது வெளியே தெரியாமலிருக்க, பக்கத்து வீட்டுப் பூச்செடிகளை ரசிப்பதுபோல் நடுவில் நின்றுகொள்வார். வாழ்க்கையில் பூச்செடியைத் திரும்பிப் பார்த்தவரில்லை. நிற்கும்போது பின்னால் அக்காவும் நிற்பாள், அவளும் பூவைப் பார்ப்பதுபோல்.

ஒருநாள் அக்கா தனியாக என் வீட்டுக்கு வந்தாள். செங்கில் தொழிற்சாலைகளுக்குப் பின்புறம் என் வீடு. காப்பியைக் கையில் வாங்கியவள் குடிக்கவேயில்லை.

"தம்பி, செர்காம் ஆட்டுக்குள்ள என்னமோ புழு இருக்குன்னு ஒருநா சொன்னியே."

"ஆமா."

"அது நிச்சயமா துலுக்க வைக்குமா?"

"பச்சத் தண்ணி பட்டா கண்டிப்பா. ஆனா அக்கா, அது உத்தரவு இல்ல. சீக்கு."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஒங்க மாமாவுக்குத் தெரியாதுல்ல. அது போதும். முனிகிட்ட நான் பேசிக்கிறேன். அவரு ஒரு மனுசன் உசுரக் காப்பாத்துனவரு, இதுக்குப் போயி என்கிட்ட சண்டை போட மாட்டாரு."

அக்கா என்னைவிடப் பக்தி உள்ளவள். என்னைவிடத் தெளிவும் உள்ளவள். அவள் கண்ணைப் பார்த்ததும், மாமா போய்விடுவாரோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. மறுநாளே இருவரும் செர்காமுக்குப் போனோம்.

ஆட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் என் கையில் மருந்துப் புட்டி இருக்கிறதா என்று தேடினார். வாங்க வந்திருக்கிறேன் என்றதும், "வழிக்கு வந்துட்டீங்களா" என்று சிரித்தார். வாழ்நாள் முழுக்கப் புழுவை ஒழிக்கச் சம்பளம் வாங்கிய நான், கையில் மினரல் தண்ணீர்ப் புட்டியோடு கொட்டகைக்குள் போய், எந்த ஆட்டுக்குச் சீக்கு முற்றியிருக்கிறது என்று ஒவ்வொன்றின் தலையிலும் தெளித்துப் பார்த்தேன். எல்லாமே உதறின. ஒரு கறுப்புக் கிடா மட்டும் புட்டி மூடியைத் திருகும் சத்தத்துக்கே உதறத் தயாரானது. அதையே பிடித்துக்கொண்டோம். கறியை வேகவைத்தால் ஒன்றும் ஆகாது, தலையை மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா எப்போதோ சொன்னது நினைவிருந்தது. தலை பூசாரிக்குச் சேர வேண்டியது. அவரை எப்படிச் சமாளிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் முனியாண்டி இருப்பது நாங்கள் பிறந்த தோட்டத்தின் சாலையோரத்தில். தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. முனி மட்டும் பழைய இடத்திலேயே, தகரக் கொட்டகைக்குள் இருக்கிறார். பூசாரி வாரநாட்களில் செங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், ஆகையால் பூசையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். அன்று காலையும் சொந்தக்காரர்கள் நிறையவே வந்திருந்தார்கள். மூன்றாவது ஆடு என்பதால் வந்தவர்களில் பாதிப் பேர் சாமிக்காகவும், மீதிப் பேர் இந்த முறையாவது கறி கிடைக்குமா என்பதற்காகவும் வந்திருந்தார்கள்.

மாமா மஞ்சள் தண்ணீரைத் தானே கரைத்தார். வேண்டுதல் தன் உயிருக்கானது, மற்றவர் கைபடக் கூடாது என்பது முதல் ஆட்டிலிருந்தே அவர் வைத்த சட்டம். குடத்தைக் கொட்டகைக்குப் பின்னால் எடுத்துப் போய், மந்திரம் மாதிரி எதையோ முணுமுணுத்துக் கரைத்துக்கொண்டு வந்தார். தோளில் வழக்கம்போல் வெந்நீர் பிளாஸ்க் தொங்கியது. மாத்திரை போடுவதற்காக நோய் வந்த நாளிலிருந்து அதைச் சுமந்துகொண்டே திரிந்தார்.

கிடாவுக்கு மாலை போட்டார்கள். உடுக்கை அடித்தார்கள். பூசாரி வேப்பிலையைத் தோய்த்துத் தலையில் தெளித்தார். கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

கிடா மாலையிலிருந்த ஒரு சாமந்தியைப் பிய்த்துத் தின்றது.

இரண்டாவது தரம் தெளித்தார். அது அடுத்த சாமந்திக்குப் போயிற்று. சாமியை நம்புகிறவர்கள் ஆயிரம் முறை ஏமாந்தாலும் நம்பிக்கொண்டிருக்கலாம், ஆராய்ச்சிக் கூடத்தை நம்புகிறவன் ஒருமுறை ஏமாந்தாலே ஆடிப்போவான். எல்லாரும் முனியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட, நான் ஆட்டின் காதைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டு நின்றேன். ஏதாவது செய் புழுவே. எங்கள் மாமா செத்துப்போய்விடுவார்.

பூசாரி மூன்றாவது தரம் வேப்பிலையை வீசியபோது நாலு சொட்டு என் கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக, குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் இருந்தது.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு பக்தியில் ஆழ்ந்துவிட்டார். பிளாஸ்கின் மூடி சரியாகத் திருகாமல் இருந்தது. சாமி, ஆடு, புழு என்று நாங்கள் ஒவ்வொருவரிடமாகச் சம்மதம் கேட்டு அலைந்துகொண்டிருந்தோம். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இவர்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். ஆனால் கும்பிட்டபடி இருந்த அந்தப் பெரிய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நாகத்தைப் பிடித்த கைகள். மாமாவுக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என எங்களில் யாருக்குமே தோன்றியதில்லை. தோன்றாத அளவுக்கு இத்தனை வருஷமாக அதை உள்ளேயே வைத்து வளர்த்திருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

திறக்கத் தேவையும் இருக்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். நேராக வந்து குடத்துக்குள் கையை விட்டாள்.

உடுக்கை நின்றது.

"ஏங்க," என்றாள். குரலை உயர்த்தவேயில்லை. "மூணு ஆட்டுக்குமா?"

மாமா கண்ணைத் திறந்தார். "பச்சத் தண்ணி... காலங்காத்தால... சளி புடிச்சிரும்னு..."

"யாருக்கு?"

"ஆட்டுக்கு."

வெட்டுவதற்காக நிறுத்தியிருந்த ஆட்டுக்குச் சளி பிடிக்கக் கூடாது என்ற அக்கறையைக் கேட்டு, கூட்டத்தில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். இன்றுவரை மாமா அந்தப் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை.

அக்கா கொட்டகை ஓரமாகப் போனாள். அங்கே மழைத்தண்ணீர் பிடித்துவைத்த டிரம் ஒன்று இருக்கிறது. ஒரு செம்பு மொண்டுகொண்டு வந்தாள். ஆட்டுக்குத்தான் என்று நினைத்த பூசாரி, வழிவிட்டு ஒதுங்கி, கத்தியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். அக்கா ஆட்டைத் தாண்டிப் போனாள். நெஞ்சு நோயாளியின் தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா என்று எங்கள் லேபில் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. தடுக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் ஊற்றிவிட்டாள்.

மாமா துலுக்கினார். தலை, மீசை, தோள், தொந்தி எல்லாம் குலுங்க, பக்கத்தில் இருந்தவர்கள்மேல் நீர் தெறிக்க, முழுசாக ஒரு துலுக்கு. கூட்டத்தில் ஒரு பெரியம்மா பழக்கதோஷத்தில் குலவையே போட்டுவிட்டார்.

"எல்லாரும் பாத்துக்குங்க," என்றாள் அக்கா. "முனி உத்தரவு குடுத்துட்டாரு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

பூசாரிக்குக் கத்தியை என்ன செய்வதென்று தெரியவில்லை. "அக்கா, அப்ப ஆடு?"

"உத்தரவு வந்தது இவருமேலதானே? ஆட்ட எப்படி வெட்டுவ? இவரு நல்லபடியா வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

சாஸ்திரப்படி அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பூசாரி அதே கத்தியால் ஒரு பூசணிக்காயை வெட்டினார். கறிக்காக வந்தவர்கள் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தலை யாருக்கு என்ற என் கவலையும் தீர்ந்தது. அன்று சாயங்காலமே கிடாவுக்கு மருந்து ஊற்றினேன்.

மறுநாள் காலையில் நான்தான் காரை ஓட்டினேன். மாமா பின்சீட்டில் வந்தார். அக்கா முன்சீட்டில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்தே இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் காரை நிறுத்தியதும் அவள் பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். மாமா இறங்கி நாலு எட்டு வைத்து நின்றுவிட்டார். அங்கே பார்ப்பதற்குப் பூச்செடி எதுவும் இல்லை. சிமெண்டுத் தரையும் கார்களும்தான்.

"மச்சான்," என்றார். அவருடைய குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. "பயமா இருக்குடா."

அவர் கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது. முன்னால் போன அக்கா எப்படியோ கேட்டுவிட்டாள். திரும்பி வந்தாள். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, என் கையை விலக்கி, அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

"இத ஒரு வார்த்த மொதல்லயே என்கிட்ட சொல்லியிருந்தா என்ன?" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் மட்டும் என்ன, தைரியமாவா இருக்கேன்?"